மூத்த பிள்ளைக்கு முதல் வணக்கம்

சிவபெருமானும் உமாதேவியும் ஒரே பீடத்தில் வீற்றிருக்க, அவர்களோடு குழந்தை முருகனும் விளங்கும் திருக்கோலத்துக்குச் சோமாஸ்கந்தர் என்று பெயர். உமையோடும் கந்தனோடும் கூடியவர் என்பது அதன் பொருள். மாமல்லபுரத்திலும் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலிலும் பல்லவர் காலத்துச் சிற்பிகள் இக்கோலத்தைச் செதுக்கியபோது, குழந்தையை அன்னையின் மடியில் அமர்த்தினார்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் அவன் அம்மைக்கும் அப்பனுக்கும் நடுவே இடம்பெற்றான். திருவாரூரில் தியாகராசராக எழுந்தருளியிருப்பதும் இந்தத் திருக்கோலமே. காஞ்சி மாநகரில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் இடையில் குமரகோட்டம் அமைந்திருப்பதைக் காட்டி, ஊரே சோமாஸ்கந்த வடிவம் என்று பெரியோர் மகிழ்ந்து சொல்வதுண்டு.

தாய், தந்தை, கைக்குழந்தை என்று கண்ணுக்கு நிறைவான காட்சிதான். ஆயினும் இதைத் தொழுது நிற்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். மூத்த பிள்ளை எங்கே?

அவர் பீடத்தில் இல்லை. கோயிலின் வாயிலில் இருக்கிறார். கன்னி மூலையில் இருக்கிறார். ஆற்றங்கரையிலும் அரசமரத்தடியிலும் தெரு முனையிலும் இருக்கிறார். மடி இளையவனுக்குப் போய்விட்டது. ஆனால் முதல் வணக்கம் மூத்தவருக்கு. எந்தக் கோயிலில் எந்தத் தெய்வத்தைத் தொழப் போனாலும் அவரைக் கும்பிடாமல் உள்ளே போவதில்லை. வீட்டில் எந்தப் பூசை தொடங்கினாலும் மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து வைத்த பிறகே மற்றவை. நம் முன்னோர் விநாயகரை மூத்த பிள்ளையார் என்றும், முருகனை இளைய பிள்ளையார் என்றும் வழங்கினார்கள். இளையவனுக்கு மடியும் மூத்தவருக்கு முதல் மரியாதையும் என்ற இந்தப் பங்கீட்டைச் சிற்ப நூல்களில் தேடிக் காண முடியாது. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய எவருக்கும் அது தானாகவே விளங்கும்.

வீட்டுக்கு இரண்டாவது குழந்தை வருகிறது. வாசலில் ஆரத்தி காத்திருக்கிறது. காரிலிருந்து மெல்ல இறங்கும் தாயின் கையில் துணியில் சுற்றிய சின்னஞ்சிறு உருவம். எல்லாக் கண்களும் அந்தத் துணிப் பொதியின் மேல். பத்து நாளாகத் தாயைக் காணாமல் ஏங்கியிருந்த மூன்று வயதோ நான்கு வயதோ ஆன பிள்ளை ஓடி வருகிறது. அதற்குக் கிடைக்கும் முதல் சொல் பெரும்பாலும் இதுதான்: “மெதுவா! பாப்பா மேல விழுந்துடாதே!”

அந்தப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். நேற்று வரை அம்மாவின் மடி அதனுடையது. இரவில் அம்மாவின் முந்தானையைப் பற்றிக்கொண்டு தூங்கும் உரிமையும் அதனுடையது. இன்று மடியும் போயிற்று, படுக்கையும் போயிற்று. இது எத்தனை நாளைக்கு என்று அதற்குச் சொல்வாரில்லை. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை பால் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு முறையும் மூத்த பிள்ளைக்கு அம்மா இல்லை.

பார்க்க வருகிறவர்களோ வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறார்கள். “இனிமே உன்னை யார் கொஞ்சப் போறாங்க? உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்!” என்று ஒருவர் சொல்ல, கூடியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சொன்னவருக்கு அது வேடிக்கை. கேட்ட பிள்ளை அன்று இரவு தூக்கத்தில் அழுகிறது.

இந்தத் தவிட்டுக் கதைக்குப் பின்னால் உண்மையில் கண்ணீரும் அன்பும் இருக்கின்றன. பிறக்கும் பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன காலத்தில், அடுத்துப் பிறந்த மகவையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்று தவித்த பெற்றோர், அதைத் தெய்வத்துக்குத் தத்துக் கொடுத்து, தவிட்டையோ சிறு காணிக்கையையோ ஈடாகச் செலுத்தித் திரும்பப் பெற்றார்கள். அப்படிப் பெற்ற பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பன் என்றும் பெயரிட்டு, எமன் கண்ணில் படாமல் மறைத்தார்கள். உயிரினும் மேலாக நினைத்த பிள்ளைக்காகச் செய்த வேண்டுதல் அது. அதையே ஒரு பிள்ளையை ‘நீ எங்கள் பிள்ளையில்லை’ என்று அழவைக்கும் கேலியாக்கியது பிற்காலத்தார் செய்த பிழை. வீட்டில் மூத்தவர் ஒருவர் முகத்தைச் சற்றுக் கடுமையாக வைத்துக்கொண்டு, “அந்தப் பேச்சு வேண்டாம்” என்று சொன்னால் போதும், வந்தவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அந்த அதிகாரம் வீட்டில் தாத்தா பாட்டிக்குத்தான் உண்டு. பிள்ளை பெற்றவள் சொன்னால் அது மனத்தாங்கலாகிவிடும்.

சில நாள் கழித்து மூத்த பிள்ளையிடம் மாற்றங்கள் தெரியத் தொடங்கும். விட்டுவிட்ட பழக்கமாகிய விரல் சூப்புதல் திரும்பி வரும். இரவில் படுக்கை நனையும். தானே அள்ளிச் சாப்பிட்ட பிள்ளை ஊட்டிவிடச் சொல்லும். மழலை மாறித் தெளிவாகப் பேசியது மறுபடி குழறும். முத்தம் கொடுக்கிறேன் என்று குனிந்து, பாப்பாவின் கையை அழுத்திக் கிள்ளிவிட்டு ஒன்றும் அறியாதது போல் நிற்பதும் உண்டு. பெரியவர்கள் இதற்கு அடம், பொறாமை, கெட்ட குணம் என்று பெயர் சூட்டுகிறார்கள். குழந்தை மருத்துவர்கள் இது பெரும்பாலான வீடுகளில் காண்பதுதான் என்கிறார்கள். குழந்தையாக இருந்தால்தான் அம்மா கிடைப்பாள் என்று கண்டுகொண்ட பிள்ளை, மீண்டும் குழந்தையாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். திட்டாமலும் அடிக்காமலும் பொறுத்திருந்தால் சில வாரங்களில், சில பிள்ளைகளிடம் சில மாதங்களில், தானே மாறிவிடும்.

“நீ இப்போது பெரியவனாகிவிட்டாய்” என்பது இந்நாள்களில் அந்தப் பிள்ளை அதிகமாகக் கேட்கும் வாக்கியம். அவன் எப்போது பெரியவனானான்? போன வாரம் வரை சிறியவனாகத்தானே இருந்தான்? தமிழில் பிள்ளைத்தமிழ் என்றொரு அருமையான இலக்கிய வகை உண்டு. பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனுக்குப் பாடினார். குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்கும் வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமாரசுவாமிக்கும் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று மடிப் பருவமும் தவழும் பருவமும் நடை பழகும் பருவமும் கடந்தும் அந்நூல்கள் நின்றுவிடுவதில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்று மேலும் மூன்று பருவங்கள் வருகின்றன. பெண்பாலாயின் அம்மானை, நீராடல், ஊசல் முதலியவை வரும். அதாவது, ஓடியாடி வண்டி இழுத்து விளையாடும் பிள்ளையும் கொஞ்சுதற்குரிய பிள்ளையே என்பது புலவர்கள் வகுத்த முறை. கூடத்தில் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருக்கும் நான்கு வயதுப் பேரன் சிறுதேர்ப் பருவத்தில் இருக்கிறான். அவனுக்குரிய பாட்டு இன்னும் முடியவில்லை.

மாம்பழக் கதையில் ஒரு பாட்டி

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பழம் வந்தால் என்ன நேரும் என்பதை நாரதர் கயிலாயத்திலேயே காட்டிவிட்டார். உலகைச் சுற்றிவரப் போட்டி வைத்தார்கள். மூத்தவர் அம்மையப்பரை வலம்வந்து கனியைப் பெற்றார். மயிலேறி உலகைச் சுற்றி வந்த இளையவர் ஏமாந்து, கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனார். அன்னை தந்தையரே உலகம் என்பது இக்கதையின் பொருளென்று சொற்பொழிவாளர்கள் எடுத்துரைப்பார்கள். நல்ல பொருள்தான். ஆனால் குடும்பக் கதையாகப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. பிள்ளைகளுக்குள் போட்டி வைத்ததால் ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போயிற்று. தெய்வக் குடும்பத்திலேயே இதுதான் முடிவு என்றால், “யார் சமர்த்து, நீயா பாப்பாவா?” என்று நாள்தோறும் கேட்கும் வீடுகளில் என்ன நடக்குமென்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே மனம் நொந்தது இளையவர். நம் வீடுகளில் பெரும்பாலும் மூத்தது. வலி ஒன்றுதான்.

1965-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படத்தை இந்தத் தலைமுறை முதியோரில் பார்க்காதவர் குறைவு. கோபித்துக்கொண்டு மலைமேல் நிற்கும் முருகனைத் தேடி அதில் முதலில் வருகிறவர் யார்? ஔவைப் பாட்டி. கே.பி.சுந்தராம்பாள் அம்மையாரின் கணீரென்ற குரல் இன்னும் பலர் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். பிள்ளை வீட்டை விட்டுப் போனால் முதலில் பின்னால் போகிறவள் பாட்டி என்பதை அந்தக் காட்சி எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிட்டது!

ஆயினும் பாட்டி வந்தும் முருகனின் கோபம் முழுவதும் தணிவதில்லை. பிறகு தாயே வருகிறாள். வந்து அறிவுரை சொல்லவில்லை. ஐயனின் திருவிளையாடல்களை ஒவ்வொரு கதையாகச் சொல்கிறாள். அந்தப் படத்தின் பெரும்பகுதி, கோபித்துக்கொண்ட பிள்ளைக்கு அம்மா சொன்ன கதைகள்தாம். பாட்டி எவ்வளவு அன்பானவளானாலும், மனம் நொந்த பிள்ளைக்கு வேண்டியிருப்பது அம்மா.

இதை மறந்துவிட்டுத்தான் பல வீடுகளில் நல்லெண்ணத்தோடே ஒரு தவறு நடக்கிறது. “பாப்பாவை அம்மா பார்த்துக்கொள்ளட்டும், நீ பாட்டிகிட்ட வந்து படுத்துக்கோ” என்று மூத்த பிள்ளையை முழுவதுமாகப் பாட்டி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறாள். தாய்க்கு ஓய்வு வேண்டுமென்ற பரிவு அதில் இருக்கிறது. பிள்ளைக்கோ அது நாடு கடத்தப்பட்டது போலத் தோன்றுகிறது. அடுத்த அறையில் அம்மாவின் குரல் கேட்கும், போக முடியாது. பிரசவத்துக்குத் தாய் பிறந்தகம் போகும்போது, பள்ளிக்கூடத்தைக் காரணம் காட்டி மூத்த பிள்ளையை மாமியார் வீட்டிலேயே மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் இத்தகையதே. தவிர்க்க முடியாமல் அப்படிச் செய்ய நேர்ந்தால், எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்பதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. தூங்கும்போது சொல்லாமல் புறப்படுவது கூடாது. நாள்தோறும் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி இப்போது வந்திருப்பது தெய்வாதீனம்.

கடினமானதும் பெரிய உதவியானதும் வேறொன்று. பச்சைக் குழந்தை பால் குடித்து முடித்தவுடன் அதைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்து, தூளியில் இட்டு ஆட்டும் பொறுப்பைப் பாட்டி ஏற்றுக்கொள்வது. அந்த நேரத்தைத் தாய் மூத்த பிள்ளையோடு கழிக்கச் செய்வது. பிறந்த குழந்தை ஒரு நாளில் பதினான்கு முதல் பதினேழு மணி நேரம் வரை தூங்கும். அதில் ஓர் அரைமணி நேரம் தாய்க்கும் மூத்த பிள்ளைக்கும் மட்டும் என்று ஒதுக்கினால் போதும். கதவைச் சாத்திக்கொண்டு கதை சொல்லட்டும். தலை வாரிப் பின்னிவிடட்டும். ஒரு கவளம் ஊட்டிவிடட்டும். அந்த அரைமணி நேரத்துக்கு யாரும் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்வதும் பாட்டியின் பொறுப்பு.

சொல்வது எளிது. பேரக்குழந்தையின் பிஞ்சு முகத்தைப் பார்த்துவிட்டால் பாட்டிக்குமே மூத்தது மறந்து போகிறது என்பதுதான் உண்மை.

தாயுமான சுவாமி

பிள்ளை பெற்றவளுக்கு என்ன வேண்டும் என்பதைத் திருச்சி மலைக்கோட்டை வரலாறு சொல்கிறது. பேறுகால வேதனையில் இருந்த இரத்தினாவதியின் தாய் காவிரி வெள்ளத்தால் மறுகரையில் நின்றுவிட, இறைவனே அந்தத் தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது வீட்டில் இரண்டு தாயர்! சுகப்பிரசவம் வேண்டி இன்றும் கர்ப்பிணிகள் தாயுமானவருக்கு வாழைத்தார் செலுத்துகிறார்கள். தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூரில் கருக்காத்த நாயகியை வேண்டிக்கொண்டு, நல்லபடியாகப் பிள்ளை பிறந்த பிறகு சன்னிதியில் தொட்டிலில் இட்டு வேண்டுதல் நிறைவேற்றும் குடும்பங்கள் எத்தனையோ.

பரம்பொருள் தாயாக வந்தபோது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்தது; பணிவிடை செய்தது; உரியவள் வந்ததும் மறைந்தது. இக்காலத்துப் பேறுகால வீடுகளில் பாட்டிமார்க்கு வரும் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் தொடங்குகின்றன. சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, நாவில் தேன் தடவுவது என்று தாம் கண்ட வழக்கங்களை அவர்கள் சொல்ல, மகளோ மருமகளோ மறுக்கிறாள். இந்த வழக்கில் மருத்துவர் பக்கமே நியாயம் இருக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. பேறு முடிந்ததும் சுரக்கும் சீம்பாலைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் ஒரு வயது நிறையும் வரை தேன் ஆகாது. திருநீறு இடுவதாயினும் குழந்தையின் முகத்துக்கு நேரே தூவாமல், விரல் நுனியில் துளி எடுத்து நெற்றியில் தொட்டு வைத்தால் போதும்.

இப்படிப் பார்த்தால், ஆறு மாதம் வரை சிசுவுக்கு ஊட்டும் வேலை பாட்டிக்கு இல்லை. ஊட்டுவதற்குத் துடிக்கும் கைக்கு, தட்டோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் மூத்த பிள்ளை இருக்கிறதே!

தாத்தாக்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேறுகால வீட்டில் தமக்கு என்ன வேலை என்று தெரியாமல் செய்தித்தாளை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருப்பவர் அவர்தாம். அவருக்கு ஒரு நல்ல வேலை உண்டு. மாலையில் மூத்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வரலாம். ‘வீட்டில் தொந்தரவு செய்யாதே’ என்று அழைத்துப் போவதாக இருக்கக் கூடாது. தாத்தாவுக்குத் துணை வேண்டும் என்று கேட்டு அழைத்துப் போக வேண்டும். கோயிலில் தோப்புக்கரணம் போடக் கற்றுக் கொடுக்கலாம். முழங்கால் வலிக்கும் தாத்தாவின் தோப்புக்கரணத்தைப் பார்த்துப் பேரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

சிதறுதேங்காய் உடைக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. காஞ்சிப் பெரியவர் நாகப்பட்டினத்தில் தங்கியிருந்தபோது, சிதறுகாய் பொறுக்கக் கூட்டமாக நெருக்கிய சிறுவர்களைப் பெரியவர்கள் தடுக்க, பிள்ளையாருக்குப் போட்ட சிதறுகாயில் பிள்ளைகளாகிய எங்களுக்குத்தானே உரிமை என்ற கருத்தில் ஒரு சிறுவன் துணிந்து கேட்டானாம். அந்தப் பேச்சின் உறுதியைக் கண்டு வியந்து, அவன் சொன்னதே சரியென்று அவர் ஏற்றுக்கொண்டதைத் ‘தெய்வத்தின் குரல்’ நூலில் காணலாம். தனக்கென்று எதுவும் மிச்சமில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, மண் ஒட்டிய ஒரு தேங்காய்ச் சில்லு தன் உரிமையாகக் கிடைப்பது சிறிய செய்தியன்று. அதில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை அம்மாவுக்கென்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடும். சில நாள் கழித்துப் பாப்பாவுக்கும் ஒரு சில்லு எடுத்து வைக்கும். பாப்பாவுக்குப் பல் முளைக்கட்டும் என்று தாத்தா சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுச் சடங்குகளிலும் மூத்த பிள்ளைக்கு இடம் தர வழிகள் உண்டு. தொட்டிலிடும் நாளில் காப்பரிசியை வந்த குழந்தைகளுக்கெல்லாம் அதன் கையாலேயே கொடுக்கச் செய்யலாம். பெயர் சூட்டும்போது பெற்றோரைத் தொடர்ந்து மூத்த பிள்ளையும் குழந்தையின் காதில் பெயரைச் சொல்லட்டும். தாய்மாமன் சீர் கொண்டுவரும்போது மூத்ததற்கும் ஒரு புதுத்துணி எடுத்துவரச் சொல்லிவைப்பது பாட்டியின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. பார்க்க வருகிறவர்கள் கையில் கொண்டுவருவதைப் பற்றிச் சொல்ல இயலாது. ஆனால் வாசலில் வரவேற்கும் தாத்தா, “பாப்பாவை எங்கள் பெரிய பேத்தி காட்டுவாள்” என்று அவளை முன்னே அனுப்பலாம். அவள் அனுமதித்தால்தான் தூளித் துணி விலகும்.

பச்சைக் குழந்தையைக் கூட்டமான கோயிலுக்கு எடுத்துச் செல்ல எவரும் அவசரப்பட வேண்டியதில்லை. முதல் தடுப்பூசிகள் போட்டு, மருத்துவர் சரியென்று சொன்ன பிறகு, கூட்டமில்லாத ஒரு காலை நேரத்தில் போகலாம். அன்று தாயின் கையில் குழந்தை. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூத்தது. மற்றொரு கையில் அர்ச்சனைத் தட்டு. தேங்காய் உருளும், பாட்டி ஒரு விரலால் தாங்கிக்கொள்வாள். முதலில் வாயிற் பிள்ளையாருக்குக் குட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்பார். வந்ததே இளையதற்காக, எல்லார் வாயிலும் அந்தப் பெயர்தான் முதலில் வரும். பாட்டி முந்திக்கொண்டு மூத்த பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் முதலில் சொல்லிவிட வேண்டும்.